ஜாக்பாட் மெஷினும் சல்வடோர் லூரியாவும்

இந்த இதழுக்கான அறிஞர் வரலாற்றை நீதான் எழுதணும்னு ஆசிரியர் குழுவில் இருக்கும் அக்கா சொன்னார். பொறியியல் மாணவன் ஆச்சே, பாலம் கட்டியவரையோ ராக்கெட் விட்டவரையோ எழுதுவான் என்று எதிர்பார்த்திருப்பார். நான் எழுதப்போவது ஓர் இத்தாலிய டாக்டரைப் பற்றி. பெயர் சல்வடோர் லூரியா. 1969-இல் நோபல் பரிசு வாங்கியவர். உயிரியல் படிக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர்தான். என்னை மாதிரி சர்க்யூட்டும் மோட்டாரும் படிக்கிறவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது.

எனக்கு அவர் அறிமுகமானது மூன்றாம் ஆண்டு புள்ளியியல் வகுப்பில். விரிவுரையாளர் திரையில் 20 எண்களைப் போட்டு, இதைப் பார்த்தால் என்ன தோணுதுன்னு கேட்டார். யாருக்கும் ஒண்ணும் தோணல. அவர் விளக்கி முடித்தபோது எனக்கு மட்டும் தாத்தா ஞாபகம் வந்து, அதற்குப் பிறகு பாடத்தில் மனசே ஓடவில்லை. அந்த 20 எண்களைப் பிறகு சொல்கிறேன். முதலில் தாத்தா கதை.

தாத்தா பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நான் படிவம் 4 படிக்கும்போது அவருக்குக் காசநோய் வந்தது. முதல் இரண்டு மாதம் தினமும் கிளினிக்குக்குப் போய், மிஸ்ஸி பார்க்க மாத்திரைகளை விழுங்க வேண்டும். நான்தான் கப்சாய் மோட்டாரில் கூட்டிப் போவேன். லைசென்ஸ் எடுத்த புதிது, அதனால் சலிக்கவே இல்லை. இருமல் நின்றது. உடம்பு தேறியது. அடுத்த நான்கு மாத மாத்திரைகளை வீட்டிலேயே சாப்பிடலாம், ஆனால் குடும்பத்தில் ஒருவர் கண்ணால் பார்த்து அட்டையில் குறிக்க வேண்டும் என்றார்கள். அந்த ஒருவர் நான்.

தாத்தாவுக்கு அந்த மாத்திரைகளைக் கண்டாலே ஆகாது. வயிற்றைப் புரட்டும், சிறுநீர் செவ்வரத்தம்பூ நிறத்தில் போகும். நல்லாத்தானே இருக்கேன், விடுடா என்பார். நானும் அட்டையில் டிக் போட்டுவிட்டுக் காற்பந்து விளையாட ஓடிவிடுவேன். அவர் ஒருநாள் சாப்பிடுவார், இரண்டு நாள் சாப்பிடமாட்டார். அட்டை மட்டும் ஒரு கட்டம்கூட விடாமல் நிறைந்தது. கிளினிக்கில் அதைப் பார்த்து என்னைப் பாராட்டினார்கள்.

அடுத்த ஆண்டு இருமல் திரும்பி வந்தது. இந்தத் தடவை ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான மருந்து வேலை செய்யாது என்று சளிச் சோதனை சொன்னது. மாதக்கணக்கில் ஊசி. தாத்தா பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த ஊசிக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. காதைக் கெடுக்கும். இப்போது அவரிடம் பேச வேண்டுமானால் வலது காதுப் பக்கம் போய்க் கத்த வேண்டும். கிருமிக்கு மருந்து பழகிப்போச்சு என்றுதான் வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். இந்தப் பழகிப்போச்சு என்ற பேச்சு உண்மையா என்பதைத்தான் லூரியா 1943-இல் சோதித்துப் பார்த்தார்.

இத்தாலியின் டூரின் நகரில் 1912 ஆகஸ்டு 13-ஆம் தேதி ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். டூரின் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1935-இல் பட்டம் பெற்றார். அங்கே ஜுசெப்பே லேவி என்று ஒரு பேராசிரியர் இருந்தார். அவருடைய மாணவர்களில் மூன்று பேர் பிற்காலத்தில் நோபல் பரிசு வாங்கினார்கள்: லூரியா, ரெனாடோ டுல்பெக்கோ, ரீட்டா லேவி-மொண்டால்சினி. ஒரே ஆசிரியரின் ஆய்வுக்கூடத்திலிருந்து மூன்று பேர்!

டாக்டருக்குப் படித்தாரே தவிர அவருக்கு வைத்தியத்தில் மனசு ஒட்டவில்லை. இராணுவத்தில் மருத்துவ அதிகாரியாகக் கட்டாயச் சேவை செய்துவிட்டு, கதிரியக்க மருத்துவம் படிக்க ரோமுக்குப் போனார். அங்கே பௌதிகத்தில் என்ரிகோ பெர்மி கொடிகட்டிப் பறந்த காலம். பெர்மியின் குழுவினரோடு பழகிய லூரியாவுக்கு, மாக்ஸ் டெல்புரூக் என்ற ஜெர்மானியப் பௌதிக அறிஞரின் கருத்துகள் அறிமுகமாயின. மரபணு என்பது ஏதோ மாயப் பொருள் இல்லை, அது ஒரு மூலக்கூறு. கதிர்வீச்சை அதன் மேல் பாய்ச்சி அதன் அளவைக்கூடக் கணக்கிடலாம் என்ற எண்ணம் லூரியாவைப் பிடித்துக்கொண்டது. ஆனால் எந்த உயிரை வைத்துச் சோதிப்பது? ஒருநாள் மின்சாரம் போய் அவர் ஏறியிருந்த டிராம் நடுவழியில் நின்றுவிட்டது. அதே வண்டியில் மாட்டிக்கொண்ட கியோ ரீட்டா என்ற நுண்ணுயிர் ஆய்வாளரோடு பேச்சுக் கொடுத்தார். அவர் டைபர் ஆற்று நீரில் உள்ள பாக்டீரியாக்களை ஃபேஜ்களின் உதவியோடு ஆராய்ந்துகொண்டிருந்தார். ஃபேஜ் என்பது பாக்டீரியாவையே தாக்கும் வைரஸ். இதைவிட எளிமையான உயிர் கிடைக்காது என்று லூரியா முடிவு செய்துவிட்டார்.

டெல்புரூக் அதற்குள் ஹிட்லரின் நாட்டை விட்டு அமெரிக்கா போயிருந்தார். அவரிடம் சேர லூரியாவுக்கு உதவித்தொகை கிடைத்தது. கிடைத்த கையோடு போய்விட்டது. 1938-இல் முசோலினியின் அரசு யூதர்களுக்கு எதிராக இனச் சட்டங்களைக் கொண்டுவந்தது. படிப்பு, பதவி, உதவித்தொகை எல்லாம் ஒரே வெட்டு. லூரியா பாரிசுக்குக் கிளம்பினார். அங்கே ரேடியம் ஆய்வு நிலையத்தில் இரண்டு ஆண்டுகள்கூட முழுதாக ஆகவில்லை, 1940 ஜூனில் ஜெர்மானியப் படை பாரிசை நெருங்கியது. அவர் ஒரு சைக்கிளில் ஏறி நகரை விட்டு வெளியேறினார். வழியில் கிடைத்த ரயிலிலும் தொற்றிக்கொண்டு தெற்கே மார்சேய் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தார். அமெரிக்க விசா வாங்கி, லிஸ்பனில் கப்பல் ஏறி, 1940 செப்டம்பர் 12-ஆம் தேதி நியூயார்க்கில் இறங்கினார். அப்போது வயது 28. கையில் காசு இல்லை, ஆங்கிலமும் சரியாக வராது. அங்கே ஏற்கெனவே வந்திருந்த பெர்மி அவருக்காகப் பேசி, ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியை வாங்கிக் கொடுத்தார். பெர்மியின் மனைவியும் யூதர். அந்தக் குடும்பமும் 1938-இல் நாட்டை விட்டு வந்ததுதான்.

அந்த ஆண்டு டிசம்பரில் லூரியாவும் டெல்புரூக்கும் முதன்முதலாக நேரில் சந்தித்தார்கள். 1941 கோடையில் நியூயார்க் பக்கத்தில் உள்ள கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து வேலை செய்தார்கள். ஒருவர் இத்தாலியர், மற்றவர் ஜெர்மானியர். போர் மூண்டதும் அமெரிக்கச் சட்டப்படி இருவரும் பகை நாட்டுக்காரர்கள். அதனால் போர் ஆராய்ச்சி எதிலும் சேர்த்துக்கொள்ளவில்லை. அணுகுண்டும் ரேடாரும் மற்ற விஞ்ஞானிகளை எல்லாம் இழுத்துக்கொண்டபோது, இவர்கள் இருவரும் யாரும் கண்டுகொள்ளாத பாக்டீரியாவோடு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை ஒதுக்கிவைத்தது உயிரியலுக்கு லாபமாகப் போனது என்றுதான் எனக்குப் படுகிறது.

1943 ஜனவரியில் லூரியாவுக்கு இண்டியானா பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. ப்ளூமிங்டன் என்ற சின்ன ஊர். அவர் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி இதுதான். ஒரு குழாயில் கோடிக்கணக்கான இ. கோலி பாக்டீரியா வளர்ந்து, தண்ணீர் கஞ்சி மாதிரி கலங்கியிருக்கும். அதில் ஃபேஜை ஊற்றினால் சில மணி நேரத்தில் எல்லாம் செத்து, தண்ணீர் தெளிந்துவிடும். அத்தோடு முடிந்தது என்று நினைத்தால், மறுநாள் மறுபடி கலங்கும். தப்பித்த ஒன்றிரண்டு பாக்டீரியா பெருகியிருக்கும். அவற்றின் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் எதையும் அந்த ஃபேஜ் தொடவே முடியாது. இந்த எதிர்ப்புத் திறன் எங்கிருந்து வந்தது?

இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, ஃபேஜ் தாக்கிய பிறகு சில பாக்டீரியா அதற்குப் பழகி, சமாளிக்கக் கற்றுக்கொண்டன. இன்னொன்று, ஃபேஜ் வருவதற்கு முன்பே, யாரும் கேட்காமலே, ஏதோ ஒரு பாக்டீரியாவில் மரபணு தற்செயலாக மாறிவிட்டது. ஃபேஜ் வந்தபோது அது மட்டும் மிஞ்சியது. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்று மாதிரிதான் தெரியும். ஃபேஜ் ஊற்றினால்தான் யார் தப்பிப்பார் என்று தெரியும். ஊற்றிவிட்டாலோ, முன்பே இருந்ததா பிறகு வந்ததா என்று சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் பலர் முதல் பதிலைத்தான் நம்பினார்கள். பாக்டீரியாவுக்கு மரபணுவே இருக்கிறதா என்று பெரிய பெரிய அறிஞர்களே சந்தேகப்பட்ட காலம் அது. மரபணு டிஎன்ஏ-வால் ஆனது என்பதும் அப்போது யாருக்கும் தெரியாது.

ஒரு சனிக்கிழமை மாலை ஆசிரியர்களுக்கான நடன விருந்து. லூரியா ஓர் ஓரமாக நின்று, உடன் வேலை செய்யும் ஒருவர் ஜாக்பாட் மெஷினில் காசு போடுவதை வேடிக்கை பார்த்தார். கெந்திங் மலைக்குப் போனவர்கள் இந்தச் சாமானைப் பார்த்திருப்பீர்கள். காசைப் போட்டுக் கைப்பிடியை இழுக்கிறது. அந்த மனிதர் 10 சென்ட் காசுகளாகப் போட்டுத் தோற்றுக்கொண்டே இருந்தார். லூரியா சூதாடாதவர். இப்படித் தோற்றே தீருவாய் என்று அவரைக் கிண்டல் செய்தார். செய்த கொஞ்ச நேரத்தில் மெஷின் கடகடவென்று காசுகளைக் கொட்டியது. அவர் லூரியாவை ஒரு முறை முறைத்துவிட்டு நடையைக் கட்டினார்.

லூரியா அங்கேயே யோசிக்க ஆரம்பித்துவிட்டார். இந்த மெஷின் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு தருவதில்லை. பெரும்பாலும் சைபர், எப்போதாவது ஒரு குவியல். பாக்டீரியாவும் இப்படியா?

இங்கே கொஞ்சம் நிதானமாக வாங்க, கணக்கு வருது. பாக்டீரியா இரண்டாகப் பிரியும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். 20 தடவை பிரிந்தால் ஒன்று ஒரு மில்லியனைத் தாண்டிவிடும். இப்போது 20 சின்னக் குழாய்களில் தனித்தனியாகக் கொஞ்சம் பாக்டீரியாவை வளர்க்கிறோம். வளர்ந்த பிறகு ஒவ்வொரு குழாயையும் ஃபேஜ் பூசிய தட்டில் ஊற்றி, எத்தனை தப்பிக்கிறது என்று எண்ணுகிறோம். ஃபேஜைப் பார்த்த பிறகுதான் பழகுகிறது என்றால், எல்லாக் குழாய்க்கும் ஒரே வாய்ப்புதான். எண்ணிக்கை எல்லாத் தட்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், தூறல் மழை ஒரே அளவுள்ள ஓடுகளின் மேல் விழுகிற மாதிரி. ஆனால் மாற்றம் முன்பே, வளரும்போதே, தற்செயலாக நடக்கிறது என்றால் கதை வேறு. ஒரு குழாயில் அது கடைசிப் பிரிவில் நடந்தால் ஒன்றோ இரண்டோதான் தப்பிக்கும். இன்னொரு குழாயில் ஆரம்பத்திலேயே நடந்திருந்தால் அந்த ஒன்றின் வம்சம் முழுக்கத் தப்பிக்கும். அங்கே ஜாக்பாட்! பல குழாய்களில் நடக்காமலே போயிருக்கும். அங்கே சைபர்.

மறுநாள் ஞாயிறு காலையிலேயே லூரியா ஆய்வுக்கூடத்துக்குப் போய் வேலையைத் தொடங்கிவிட்டார். அவர் வெளியிட்ட சோதனைகளில் ஒன்றின் முடிவுதான் எங்கள் வகுப்புத் திரையில் தெரிந்த அந்த 20 எண்கள்: 1, 0, 3, 0, 0, 5, 0, 5, 0, 6, 107, 0, 0, 0, 1, 0, 0, 64, 0, 35. பதினொரு குழாயில் ஒன்றுமே இல்லை. ஒரு குழாயில் 107. ஒப்பிட்டுப் பார்க்க, ஒரே பெரிய குப்பியில் வளர்த்த பாக்டீரியாவிலிருந்து பத்து தடவை எடுத்தும் எண்ணினார்: 14, 15, 13, 21, 15, 14, 26, 16, 20, 13. இது தூறல் மழை, அது ஜாக்பாட் மெஷின். இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

கணக்குப் பிரியர்களுக்கு வேண்டும். லூரியா இதைக் கடிதத்தில் எழுதி டெல்புரூக்குக்கு அனுப்ப, அவர் அதற்கான நிகழ்தகவுக் கோட்பாட்டைப் போட்டுத் திருப்பி அனுப்பினார். எத்தனை குழாய்கள் சைபர் என்பதை வைத்தே அந்த மரபணு மாற்றம் எவ்வளவு அபூர்வம் என்று கணக்கிடலாம். கோடிக்கணக்கான பிரிவுகளில் ஒருமுறை. கண்ணால் பார்க்க முடியாத ஒரு விபத்தை, அதுவும் மரபணு எதனால் ஆனது என்றே தெரியாத காலத்தில், சைபர்களை எண்ணியே அளந்துவிட்டார்கள்! இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1943 நவம்பரில் வந்தது. நான் விடுதி அறையில் பைத்தானில் சின்னதாக ஒரு நிரல் எழுதி இதை ஓடவிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண்கள் வந்தன, ஆனால் எங்காவது ஒரு குழாயில் ஜாக்பாட் அடித்துக்கொண்டே இருந்தது. அறைத் தோழன் விளக்கை அணைடான்னு மூன்று தடவை கத்தினான்.

ஒரே கட்டுரையில் உலகம் நம்பிவிடவில்லை. சிரில் ஹின்ஷெல்வுட் என்ற பெரிய வேதியியல் அறிஞர், 1956-இல் நோபல் பரிசே வாங்கியவர், பாக்டீரியா பழகித்தான் மருந்தை எதிர்க்கிறது என்று நீண்ட காலம் வாதாடினார். 1952-இல் ஜோஷுவா லெடர்பர்க், எஸ்தர் லெடர்பர்க் என்ற தம்பதி கண்ணுக்கு நேராகவே காட்டினார்கள். பாக்டீரியா வளர்ந்த தட்டில் வெல்வெட் துணியை ரப்பர் ஸ்டாம்பு மாதிரி ஒற்றி, அதே அச்சை ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து கலந்த தட்டுகளில் பதித்தார்கள். எல்லாத் தட்டிலும் அதே இடத்தில்தான் தப்பித்தவை முளைத்தன. மருந்தையே பார்க்காத மூலத்தட்டில் அந்த இடத்துக்குப் போய் எடுத்துப் பார்த்தால், அங்கே எதிர்ப்புத் திறன் உள்ளவை ஏற்கெனவே குடியிருந்தன.

லூரியா ஃபேஜோடு நிற்கவில்லை. சல்பா மருந்துகளை எதிர்க்கும் பாக்டீரியாவிலும் தன் மாணவரோடு இதே சோதனையைச் செய்து 1947-இல் வெளியிட்டார். கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் டெமரெக் என்பவர் பெனிசிலினை வைத்து 1945-இலேயே செய்துவிட்டார். எல்லா இடத்திலும் ஒரே பதில். மருந்து எதிர்ப்பை உண்டாக்கவில்லை; ஏற்கெனவே மாறியிருந்ததை மட்டும் மிச்சம் வைத்தது. இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல பாக்டீரியாக்கள் எதிர்ப்பு மரபணுவை ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்கவும் செய்யும். இன்று மருத்துவமனைகளைப் பயமுறுத்துவதில் பெரும்பங்கு அந்த வழி வந்தது. காசநோய்க் கிருமி அப்படிக் கடன் வாங்காது. அதன் எதிர்ப்பு எல்லாம் அதற்குள்ளேயே நடக்கும் எழுத்துப்பிழைதான்.

காசநோய்க்கு முதலில் வந்த நல்ல மருந்து ஸ்ட்ரெப்டோமைசின். பிரிட்டனில் 107 நோயாளிகளிடம் அதைச் சோதித்து 1948-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதத்தில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தார்கள். அற்புதம் என்றுதான் தோன்றும். ஆனால் மருந்து பெற்ற பலரின் உடலில் மருந்துக்கு அடங்காத கிருமி பெருகியது. சில ஆண்டுகளில் இரு தரப்புக்கும் இருந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துபோனது. ஒரே மருந்து கொடுத்ததுதான் காரணம். நுரையீரலில் குழி விழுந்த ஒருவரின் உடலில் 100 மில்லியன் கிருமிகளுக்கும் மேல் இருக்கலாம். ஐசோனியாசிட் மருந்தை எதிர்க்கும் மாற்றம் சுமார் ஒரு மில்லியனில் ஒன்று. ரிஃபாம்பிசினை எதிர்ப்பது சுமார் 100 மில்லியனில் ஒன்று. தனித்தனியாகக் கொடுத்தால், தப்பிக்கப்போகிறவன் உள்ளேயே காத்திருக்கிறான். இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால்? பெருக்க வேண்டும். 1-க்குப் பின்னால் 14 சைபர் போட்டால் வரும் எண்ணிக்கையில் ஒன்று. அவ்வளவு கிருமி எந்த மனிதன் உடம்பிலும் இல்லை. தாத்தாவுக்கு ஏன் கை நிறைய மாத்திரை கொடுத்தார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அந்தக் கணக்கு சரியாக வர, எல்லா மருந்தும் எல்லா நாளும் உடம்பில் இருக்க வேண்டும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி சாகாத நாட்களில் அது பிரிந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு பிரிவும் மெஷினில் போடும் இன்னொரு காசு. நான் போட்ட ஒவ்வொரு பொய் டிக்குக்கும் எத்தனை காசு விழுந்திருக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

லூரியாவிடம் வருவோம். இண்டியானாவில் அவரிடம் முதன்முதலாக முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த மாணவர் ஜேம்ஸ் வாட்சன். டிஎன்ஏ-வின் வேதியியலைக் கற்றுக்கொண்டு வா என்று அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியவரே லூரியாதான். 1953-இல் டிஎன்ஏ-வின் இரட்டைச் சுருள் வடிவத்தைச் சொன்ன இருவரில் அந்த வாட்சன் ஒருவர்.

1950-இல் லூரியா இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கே அவருடைய இரண்டாவது பெரிய அதிர்ஷ்டம் நடந்தது. ஒருநாள் பாக்டீரியா இருந்த சோதனைக் குழாய் கைதவறி உடைந்துவிட்டது. புதிதாக வளர்க்க நேரமில்லாமல், பக்கத்து ஆய்வுக்கூடத்தில் இருந்த வேறு வகைப் பாக்டீரியாவைக் கடன் வாங்கி வேலையைத் தொடர்ந்தார். அவருடைய இ. கோலியில் வளர மறுத்த ஃபேஜ், கடன் வாங்கியதில் ஜோராக வளர்ந்தது. பாக்டீரியா தனக்குள் வரும் அந்நிய ஃபேஜை அடையாளம் கண்டு ஒடுக்குகிறது என்ற உண்மை அதில் வெளிவந்தது. மற்றவர்கள் அதைத் தொடர்ந்து ஆராய்ந்து, டிஎன்ஏ-வைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் நொதிகளைக் கண்டுபிடித்தார்கள். 1978 நோபல் பரிசு அதற்குத்தான். மரபணுவைத் தனியாக வெட்டி எடுத்து ஆராயும் தொழில்நுட்பம் வளர்ந்ததும் அந்த நொதிகளால்தான். தன் சுயசரிதைக்கு அவர் வைத்த தலைப்பிலேயே ஜாக்பாட் மெஷினும் உடைந்த குழாயும் இரண்டும் இருக்கின்றன.

இவ்வளவு செய்தவருக்கு அமெரிக்க அரசு 1952-இல் பாஸ்போர்ட் தர மறுத்தது. இடதுசாரிக் கருத்துள்ளவர்களை எல்லாம் சந்தேகித்த காலம். லூரியா வாயை மூடிக்கொண்டு இருக்கும் ரகம் இல்லை. இத்தாலியில் பாசிசம் வளர்ந்தபோது அரசியலில் தலையிடாமல் இருந்ததை எண்ணி வருந்தியவர் அவர். அதனால் புதிய நாட்டில் தொழிற்சங்கம், அணு ஆயுத எதிர்ப்பு, வியட்நாம் போர் எதிர்ப்பு என்று எல்லாவற்றிலும் குரல் கொடுத்தார். 1969-இல் டெல்புரூக், ஹெர்ஷி ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசு அறிவித்த அதே சமயத்தில், அரசின் சுகாதாரத் துறை ஆலோசனைக்குக் கூப்பிடக் கூடாதவர்கள் என்று வைத்திருந்த பட்டியலில் அவர் பெயரும் இருப்பது வெளியானது. பரிசுப் பணத்தில் ஒரு பகுதியைப் போர் எதிர்ப்பு இயக்கங்களுக்குக் கொடுத்துவிட்டார்.

1959 முதல் அவர் எம்.ஐ.டி.யில் பேராசிரியர். நம்மில் பலர் கனவு காணும் அந்தப் பொறியியல் கழகத்தில், முதலாண்டு மாணவர்களுக்கும் உயிரியல் நடத்தினார். ஆராய்ச்சி மாணவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு உலக இலக்கியம் படிக்கவும் வைத்தார். 1970-களில் அங்கே புற்றுநோய் ஆய்வு மையத்தைத் தொடங்கி, பழைய சாக்லேட் தொழிற்சாலைக் கட்டடத்தில் அதை நடத்தினார். பல ஆண்டுகள் மனச்சோர்வு நோயால் அவதிப்பட்டதையும் சுயசரிதையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். 1991 பிப்ரவரி 6-ஆம் தேதி மாரடைப்பால் காலமானார்.

அவர் எண்ணிய அந்தத் தப்பித்த பாக்டீரியாக்களில் எந்த மரபணு மாறியிருந்தது என்பதும் பிற்காலத்தில் தெரிந்துவிட்டது. அவர் பயன்படுத்திய ஃபேஜுக்கு டி-1 என்று பெயர் வந்தது. அதை வைத்து அந்த மரபணுவுக்கு டான்-ஏ என்று பெயர் வைத்தார்கள். பாக்டீரியாவின் வெளிச்சுவரில் இரும்புச் சத்தை உள்ளே இழுக்கும் ஒரு கதவை அந்த மரபணுதான் செய்கிறது. ஃபேஜ் அந்தக் கதவைப் பிடித்துத்தான் உள்ளே நுழையும். மரபணு கெட்டால் கதவு இல்லை, ஃபேஜுக்கும் வழி இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அல்போமைசின் என்ற ஆண்டிபயோட்டிக்கும் இரும்போடு ஒட்டிக்கொண்டு அதே கதவு வழியாகத்தான் போகும். டி-1 ஃபேஜிடம் இப்படித் தப்பிய பாக்டீரியா, அந்த மருந்தைக் கண்ணால் காணாமலே அதையும் எதிர்க்கும்.

ரிஃபாம்பிசினுக்கு வேறு கதை. அது காசநோய்க் கிருமியின் மரபணு எழுத்துகளைப் படியெடுக்கும் ஒரு நொதியின் மேல் போய் உட்கார்ந்து வேலையை நிறுத்தும். அந்த நொதியைச் செய்யும் மரபணுவில் 81 எழுத்து நீளமுள்ள ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. ரிஃபாம்பிசினை எதிர்க்கும் கிருமிகளில் நூற்றுக்குச் சுமார் 95-இல் மாற்றம் அந்தப் பகுதிக்குள்தான். அதிகமாகக் காணப்படும் மாற்றம் ஒரே ஓர் எழுத்து: சி இருக்க வேண்டிய இடத்தில் டி. பணம் என்பதில் ஒரு மேல்விலங்கு கூடி, பிணம் ஆகிற மாதிரி. நொதியின் வடிவம் லேசாக மாறும், மருந்துக்கு உட்கார இடம் இருக்காது. இன்று ஒரு மேசை அளவு கருவி, சளியில் உள்ள கிருமியின் அந்தப் பகுதியை இரண்டே மணி நேரத்தில் சோதித்துச் சொல்லிவிடும். தாத்தாவுக்குச் செய்தது அந்தச் சோதனைதான். அறிக்கையில் ரிஃபாம்பிசின் எதிர்ப்பு உள்ளது என்று ஒரே வரி. அம்மா அதைப் பழைய பிஸ்கட் டின்னில் பிறந்த சூராக்களோடு பத்திரமாக வைத்திருக்கிறார்.

அந்த டின்னில் என் கையெழுத்துள்ள அட்டையும் இருக்கிறது. போன செமஸ்டர் விடுமுறையில் தாத்தாவின் வலது காதருகே உட்கார்ந்து, உனக்கு மருந்து பழகிப்போகலை, அந்தக் கிருமி முன்னாடியே இருந்துச்சு, நாமதான் அதுக்கு வழி விட்டோம்னு கத்தி விளக்கினேன். பாதி கேட்டதோ இல்லையோ, தலையை ஆட்டிவிட்டு, அட்டை விஷயத்தை உங்கம்மாகிட்ட சொல்லிட்டியா என்றார். இன்னும் சொல்லவில்லை. அம்மா இந்த இதழின் சந்தாதாரர்.